புக்கிலும் துச்சிலும்

வீடு என்னுஞ் சொல்லுக்கு நம் மொழியில் இரு பொருள் உண்டு. ஒன்று குடியிருக்கும் மனை. மற்றையது பிறவி நீங்கிப் பெறும் பேறு. பழைய நூல்களிலே மனையை இல் என்றும் மனை என்றும் வழங்குவதே பெரும்பான்மை. வீடு என்றால் விடுதலை. அச்சொல் எவ்வாறு சுவருங் கூரையும் உடைய ஒரு பொருளுக்குப் பெயராயிற்று என்பதை வகுப்பில் விரித்துக் கூறுவது எனக்கு விருப்பமான ஒரு காரியம். ஈற்றில், "இரண்டு வீடும் இலேசிலே கிடையா" என்று சொல்லி மாணவரைச் சிரிக்க வைப்பதும் வழக்கம். சென்ற ஆண்டு ஒருநாள் அவ்வாறு சொன்னபோது வகுப்பு முழுதுஞ் சிரித்தது. கடைசி வாங்கில் இருந்த ஒருவன் மட்டுஞ் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் அவன் பள்ளிக்கு வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. பத்தாந் தரத்து மாணவன். இலக்கணத்திலே புணர்ச்சி விதியை ஒருமுறை சொன்னால் மறவாதவன். பின்னொரு மாலையில் அவன் தந்தை என் வீட்டுப் படலையில் வந்து நின்றார். நகரத்துச் சந்தையொன்றில் மூடை தூக்குபவர். மனைவி தோட்டங்களில் வெங்காயம் நடவும் களை பிடுங்கவும் போகிறவர்.

"சேர், பெடியனை மறிக்கேல்லை. வீடு தேடித் திரியிறம். அவனும் என்னோடை வாறான். நாலு இடத்திலை நாலு மாதிரிக் கதைக்கினம். அவன் நிண்டால் எனக்கு ஒரு துணை."

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர்கள் திருநெல்வேலியில் இருந்தவர்கள். அங்கிருந்து வேலைக்கு நடந்தே போகலாம். ஆனால் திருநெல்வேலி, பல்கலைக்கழகம் இருக்கும் இடம். 1974இல் யாழ்ப்பாண வளாகமாகத் தொடங்கி வளர்ந்த அக்கல்விக்கழகம் ஊருக்குக் கொண்டுவந்த நன்மை பெரிது. அதனை யான் குறைத்துக் கூறேன். எனினும் கணக்கு ஒன்று உண்டு. நான்கு அறை உள்ள வீட்டை ஒரு குடும்பத்துக்குக் கொடுத்தால் ஒரு வாடகை. அறைக்கு இருவராக மாணவரை இருத்தினால் எட்டு வாடகை. மூடை தூக்குபவரின் கூலி எட்டுப் பெற்றோரின் வருவாயோடு போட்டியிடுமா? ஆகவே அவர்கள் நகரை விட்டு வடக்கே ஏறத்தாழ ஐந்து மைல் விலகி உடுவிலுக்கு வந்தார்கள். வாடகையிலே குறைந்தது பேருந்துக் கூலியாக ஏறிற்று. இப்போது அந்த உடுவில் வீட்டையும் விடவேண்டும். வீட்டுக்காரரின் மகளுக்குத் திருமணம் பொருந்திவிட்டது.

இது குடாநாட்டுக்கே உரிய ஒரு நிலை. வெளியூர் அன்பர்க்குச் சிறிது விளக்க வேண்டும். எங்கள் ஊரில் வீடு கட்டுவோர் வாடகைக்கென்று கட்டுவது அரிது. பெண்பிள்ளை பிறந்தால் அவளுக்கொரு வீடு என்பது தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கு. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல் எழுத்திலே தொகுக்கப்பட்ட தேசவழமை சீதனத்தைப் பற்றி எத்துணை விரிவாகப் பேசுகின்றதென்று சட்டம் பயின்றோர் அறிவர். பணந் தேவைப்பட்டால் காணியை ஒற்றி வைப்பதுண்டு. கடன் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாக அதனை அனுபவிப்பார். அதுவும் கையிற் பெருந்தொகை உள்ளவர்க்கே இயலும். மாதம் மாதம் சிறு தொகை கொடுத்து ஒருவர் இருப்பதற்கென்று ஒரு வீடு, பெண்ணொருத்தி வளரும் வரையில் இடையிலே சும்மா கிடக்கும் வீடே. அவள் கழுத்தில் தாலி ஏறும் நாள் இவர்கள் தலைமேல் மூட்டை ஏறும் நாள். நாதசுவர ஓசை கேட்டு நடுங்குகின்ற குடும்பங்கள் எங்கள் ஊரில் உண்டு என்பதை அந்த மாலையில்தான் யான் உணர்ந்தேன்.

மறுநாள் முதல் பள்ளி விட்டபின் யானும் அவர்களுடன் நடந்தேன். மருதனார்மடத்துச் சந்தியிலிருந்து கிழக்கே ஒருநாள், மேற்கே ஒருநாள். 1824இலேயே பெண்பிள்ளைகளை விடுதியில் இருத்திக் கல்வி புகட்டத் தொடங்கிய ஊர் உடுவில். பிறர் பிள்ளைக்கு இடங்கொடுத்தல் இம்மண்ணுக்குப் புதிதன்று என்று எண்ணிக்கொண்டு நடந்தேன். பூட்டிய வீடுகளுக்குக் குறைவில்லை. சில கல்வீடுகள் மலாயாப் பென்சனில் எழுந்தவை. சில பின்னர்க் கனடாவிலும் இலண்டனிலும் உழைத்த பணத்தில் எழுந்தவை. படலையில் சங்கிலி, முற்றத்திலே பாவட்டை, விறாந்தையில் வௌவால் எச்சம். ஆளில்லாத வீட்டைத் தேடுகின்றவனுக்கு ஊர் நிறைய வீடு. ஆளிருக்க வீடு தேடுகின்றவனுக்கு ஒன்றுமில்லை.

முதல் வீட்டில் ஆறு மாத வாடகையை முற்பணமாகக் கேட்டார்கள். இரண்டாம் வீட்டில் பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார்கள். மூவர் என்றதும் கிணற்றுத் தண்ணீர் போதாது என்றார்கள். மூன்றாம் வீட்டு அம்மையார் மிக இனிமையாகப் பேசினார், தேநீருந் தந்தார். பிறகு, "உவை முந்தி எந்த ஊர்? எந்தக் கோயிலடி?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். கேட்ட கேள்வியின் உட்பொருள் எனக்கும் விளங்கிற்று, அத்தந்தைக்கும் விளங்கிற்று. பையனுக்கும் விளங்கிற்று என்பதே எனக்கு வெட்கம். பத்தாந் தரத்துக்கு வருமுன்னரே இந்த இலக்கணத்தை யார் அவனுக்குக் கற்பித்தார்? யான் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். அவ்வாறு எழுந்ததால் அவர்களுக்கு வீடு கிடைத்துவிடவில்லை.

நான்காம் வீடு ஒரு முதியவரின் பொறுப்பில் இருந்தது. வீட்டுக்குரிய மருமகன் கனடாவில். "பண்டிதர், குடுக்கக் கூடாதெண்டில்லை. ஏறினால் இறங்காயினம். கோடு, கச்சேரி எண்டு நான் இந்த வயசிலை அலையேலாது" என்றார்.

முதியவர் பொய் சொல்லவில்லை. அந்த அச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு. உலகப் போர் நடந்த 1942இல், நகரங்களில் வீட்டுத் தட்டுப்பாட்டைக் கண்டு, வாடகைக் கட்டுப்பாட்டுக் கட்டளைச் சட்டம் இலங்கையிற் பிறந்தது. போர் முடிந்தது, தட்டுப்பாடு முடியவில்லை. 1948ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டம் அதன் இடத்துக்கு வந்தது. பின்னர் 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம், வாடகையை உயர்த்துவதற்கும் குடியிருப்பவரை எழுப்புவதற்கும் உரிமையாளர்க்கு இருந்த வாயில்களை மேலும் ஒடுக்கிற்று. அடுத்த ஆண்டில், பீற்றர் கெனமன் வீடமைப்பு அமைச்சராயிருந்த காலத்தில், வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம் வந்தது. ஒருவர் இத்தனை வீட்டுக்கு மேல் வைத்திருத்தலாகாது. மிகையானவற்றை அங்கே குடியிருப்பவர் வாங்கலாம் என்பது அதன் சாரம். வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் வாடகைக்கு இருந்த எங்கள் ஊர் எழுதுவினைஞர் சிலர் இச்சட்டங்களினால் நன்மை பெற்றார்கள். வீட்டை வாடகைக்கு விட்டிருந்த எங்கள் ஊரவர் சிலர் அதே சட்டங்களைச் சபித்தார்கள். ஒரே குடும்பத்தில் தமையன் வாழ்த்தவும் தம்பி சபிக்கவும் கேட்டதுண்டு.

அச்சட்டங்களை இயற்றியவர் நெஞ்சில் ஏழைமேல் இரக்கம் இருந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. வீட்டுள் இருந்தவனை அவை காத்தன. ஆனால் வீட்டுக்கு வெளியே நின்று தேடுகின்றவனை அவை காணவில்லை. வாடகைக்கென்று புதிதாய்க் கட்டக் கைகள் தயங்கின. இருந்த வீட்டையும் வெறுமையாய்ப் பூட்டி வைத்தல் நன்று என்று பலர் எண்ணினர். பின்பு 1980இலும் 2002இலும் வந்த திருத்தங்கள் அக்கடுமையைப் பெரிதுந் தளர்த்தின. 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டமோ, எழுத்திலமைந்த குத்தகையின் தவணை முடிந்தபின் மனையை உரியவர் மீட்டுக்கொள்ளும் வழியைச் சுருக்கியே விட்டது. முதியவர்க்கு இவற்றை எடுத்துச் சொன்னேன். சட்டம் ஐம்பது ஆண்டுகளில் பலமுறை திரும்பிப் படுத்துவிட்டது. அவருடைய அச்சம் 1973இல் படுத்த பக்கமே படுத்திருக்கிறது.

திருவள்ளுவர் நிலையாமை அதிகாரத்தில் இரண்டு சொற்களை எதிரெதிரே வைக்கின்றார். ஒன்று புக்கில், புகுந்தால் நிலையாய் இருத்தற்குரிய இல்லம். மற்றையது துச்சில், பிறர் மனையில் ஒரு பக்கத்தே ஒதுங்கியிருக்கும் இடம். உடம்பினுள் இருக்கும் உயிரின் நிலையைச் சொல்ல வந்தவர் அவர். உவமை சொல்ல எடுத்த பொருள் உலகத்திலே கண்கூடாக இருக்க வேண்டும் அன்றோ? ஆகவே அவர் காலத்திலும் ஒதுங்கியிருந்த குடிகள் இருந்திருக்க வேண்டும் என்று கொள்ளலாம். வாடகை என்பது வடசொல்லின் வழி வந்தது. குடிக்கூலி என்று ஒரு நல்ல தமிழ்ச் சொல்லும் உண்டு. மாணவர்க்கு இவற்றையெல்லாம் பல்லாண்டு கற்பித்திருக்கிறேன். துச்சில் என்ற சொல்லின் பொருளை யான் அறிந்தது நூலிலன்று, மீசாலையில்.

1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் இரவு. வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சி நோக்கி நடந்தது. எனக்கு அப்போது இளவயது. மழை, இருள், முன்னே போவார் முதுகும் பின்னே வருவார் மூச்சும். மறுநாள் மீசாலையில் ஒரு நாற்சார் வீட்டின் விறாந்தையில் எங்களுக்கு இடங் கிடைத்தது. ஒரே கூரையின் கீழ் ஒன்பது குடும்பங்கள். விறாந்தைத் தூணுக்குத் தூண் ஒரு சேலையைக் கட்டினால் அதுவே சுவர். மாமர நிழலுக்குங் காசு கேட்டார் உளர் என்று அக்காலத்திற் கதை அடிபட்டது, யான் கண்டதில்லை. எங்கள் வீட்டுக்காரரிடம் தந்தையார் ஒரு மாதத்தின் பின் ஏதோ கொடுக்கப் போனார். "கிணத்துத் தண்ணிக்குக் காசு வாங்கிற குடியே நாங்கள்?" என்று அவர் கோபித்துக்கொண்டார். எந்த ஊர், எந்தக் கோயில் என்று எவருங் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் விடை சொல்ல எவர்க்கும் மூச்சு இருந்திராது. அடுத்த சித்திரை வைகாசியில் ஊர் திரும்பினோம். அந்த ஆறு மாதத்தை எங்கள் ஊர் மிக விரைவாக மறந்துவிட்டது.

எல்லாருந் திரும்பினோம் என்று சொல்லுதலும் பிழை. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழுந்தவர்களிற் பலர் சுன்னாகத்துச் சபாபதிப்பிள்ளை முகாமிலும் மல்லாகத்துக் கோணப்புலம் முகாமிலும் இவை போன்ற பிற இடங்களிலும் கால்நூற்றாண்டு இருந்தார்கள். முகாம்கள் பல தனியார் காணியில் எழுந்தவை. காணிக்காரர் தம் காணியைத் திருப்பிக் கேட்டதிலும் நியாயம் உண்டு. உயர் பாதுகாப்பு வலயத்துக் காணிகள் பகுதி பகுதியாக விடுபட்டபோது காணியுடையார் போனார்கள். கடைசிவரை தங்கியவருள் மிகுந்தவர் காணி என்று ஒன்று முன்பும் இல்லாதவர்களே.

இதனை ஊன்றி நோக்குதல் வேண்டும். இந்நாட்டில் வீடமைப்புக்கு முயற்சி இல்லையென்று எவருஞ் சொல்லமுடியாது. 1954இல் தேசிய வீடமைப்புச் சட்டம். ரணசிங்க பிரேமதாச காலத்தில் 1978 முதல் நூறாயிரம் வீட்டுத் திட்டம். 1984 முதல் பத்து இலட்சம் வீட்டுத் திட்டம். 1987ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை வீடற்றோர்க்கான உறைவிட ஆண்டாகக் கொண்டாடியதற்கு மூலகாரணமான வேண்டுகோள் இலங்கையினுடையது. போர் முடிந்தபின் இந்தியா 50,000 வீடுகளைத் தந்தது. வடக்கு கிழக்கில் வீடொன்றுக்கு 550,000 ரூபாய் குடும்பத்தின் கையிலேயே கொடுத்துக் கட்டுவித்தார்கள். இவையெல்லாம் நல்லனவே. ஆயினும் கடனோ கொடையோ எதுவாயினும், அத்திவாரம் வெட்டுதற்கு முதலில் ஒரு துண்டு நிலம் வேண்டும். நிலம் உடையவனுக்கு வீடு கொடுக்கப் பல வழி கண்டோம். நிலமற்றவனுக்கு, அவன் கூலிக்கு ஏற்ற குடிக்கூலியில் ஓர் இடங்கொடுக்கும் வழியை இடையிடையே தொட்டுவிட்டு விட்டோம். மாத வருவாயில் வாழ்பவன் மாத வாடகைக்குத்தான் வீடு தேட இயலும். அவனுக்கு இருபதாண்டுக் கடன் பத்திரத்தைக் காட்டி என்ன பயன்?

எங்கள் பாட்டன்மார் உத்தியோகம் பார்த்த மலாயா நாட்டின் முனையிலே சிங்கப்பூர் இருக்கிறது. அங்கே 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கிற்று. அடுத்த ஆண்டு மே 25ஆம் நாள் புக்கிட் ஹோ சுவி என்னும் குடிசைப் பகுதி எரிந்து, ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தார்கள். கழகம் விரைந்து மாடி வீடுகளை எழுப்பிற்று. அவசர காலத்தில் எழுந்த ஓரறை வீட்டுக்கு மாத வாடகை 20 வெள்ளி. முதலில் வாடகைக்கே கொடுத்தார்கள். சொந்தமாக விற்கும் திட்டம் 1964இலேதான் வந்தது. இன்று அந்நாட்டவருள் மிகப் பலர் வீட்டுக்கு உரியவர்களாய் ஆனபின்னும், வறியவர்க்கென்று வாடகை வீடுகளைக் கழகம் வைத்தே இருக்கிறது. அது அரசின் கையில் நிலம் திரண்ட சிறு தீவு. இங்கே நிலம் பரப்பு பரப்பாகத் துண்டாகி, துண்டுக்கு நான்கு பங்காளிகள் நான்கு தேசத்தில் இருக்கிறார்கள். அங்குச் செய்ததை அப்படியே இங்குச் செய்யலாமென்று யான் சொல்ல வரவில்லை. குருநகரில் ஒரு தொடர்மாடிக் குடியிருப்பு உண்டு. கடலுக்குப் போவார்க்கு அது பொருந்தும். வெங்காயத் தோட்டத்து ஓரத்தில் மாடி எழுப்பினால் என் கண்ணுக்கே பிடிக்காது.

எனக்குத் தோன்றியது வேறொன்று. மூளாயிலே 1930களில் கூட்டுறவு முறையால் ஒரு வைத்தியசாலையையே நடத்தத் தொடங்கிய குடாநாடு இது. ஊருக்கொரு கூட்டுறவுச் சங்கம் பூட்டிய வீடுகளை உரியவரிடம் எழுத்திற் பெற்று, வாடகைக்கும் திருத்தத்துக்கும் தவணை முடிவிற் திரும்பக் கொடுத்தற்கும் தானே பிணையாய் நின்றால் என்ன? கனடாவில் இருப்பவர்க்குக் கூரை ஓடு கழலாமல் இருக்கும். இவர்களுக்கு மூன்றாண்டாவது ஒரே கிணற்றில் அள்ளலாம். இதனை நண்பர் சிலரிடம் சொன்னேன். நல்ல யோசனை என்றார்கள். நம்மூரில் நல்ல யோசனை என்று சொல்லிவிட்டால் அக்காரியம் அத்தோடு முடிந்தது என்பது பொருள்.

ஆசிரிய அன்பர்களுக்கு மட்டும் ஒரு செய்தி. முதலாந் தரத்துக்குப் பிள்ளைகளைச் சேர்க்கும்போது, இடம் போதாத பள்ளிகளில் வதிவிடத்துக்குப் புள்ளி இடுகிறோம். வீட்டுறுதி உடையவர்க்கு ஒரு புள்ளி. பதிவு செய்த குத்தகை உடையவர்க்கு அதனிற் குறைந்த புள்ளி. வாக்காளர் இடாப்பிலே ஐந்தாண்டு பெயர் இருந்தால் முழுப் புள்ளி. ஆண்டுக்கொரு வளவு மாறும் குடும்பத்தின் பிள்ளைக்கு எந்தப் புள்ளி? பள்ளிக்கு எதிர்வீட்டிலேயே இருந்தாலும், வாய்ச்சொல்லால் மட்டும் இருக்கின்றவன் தொலைவில் இருப்பவனே. நேர்முகப் பரீட்சைக் குழுவில் யானும் இருந்திருக்கிறேன். புள்ளியைக் கூட்டி எழுதியிருக்கிறேன். குறையை விதியின்மேல் ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறேன்.

இனி முதியவரிடம் திரும்புவோம். மூன்றாம் முறை சென்றபோது அவர் சொன்னார்: "பண்டிதர், நீங்கள் பிணை நிண்டால் திறப்புத் தாறன். எழுதிக் கையெழுத்து வையுங்கோ."

உடனே ஆம் என்றேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். வாடகை தவறினால் என் சம்பளத்திற் கை வைக்க நேருமோ, அவர்கள் இறங்க மறுத்தால் ஊரார் என்னைச் சொல்வாரோ, ஓய்வு பெறும் காலத்தில் எனக்கேன் இந்த வழக்கு என்று மூன்றுநாள் எண்ணினேன். முதியவரின் அச்சத்துக்குச் சட்ட வரலாறு சொல்லிய எனக்கு என் அச்சத்துக்கு ஒரு வரலாறும் அகப்படவில்லை. அந்த மூன்று நாளும் கடைசி வாங்கு வெறுமையாகவே இருந்தது.

அன்னையாருக்கு எண்பது கடந்துவிட்டது. காது மந்தம், ஆனால் வேண்டியது கேட்கும். மூன்றாம் இரவு, யான் யாரிடமோ இதுபற்றிப் பேசிக்கொண்டிருக்கையில், சாய்மனைக் கதிரையில் இருந்தவாறே கேட்டார்:

"ஏன் தம்பி, மீசாலையிலை எங்களுக்கு ஆர் பிணை நிண்டது?"

மறுநாட் காலை கையெழுத்து வைத்தேன். முற்பணம் இரண்டு மாதத்துக்கு என்று முதியவர் இறங்கி வந்தார். வாடகையும் அவர்கள் தாங்கக்கூடியதே. பதினொரு மாதத்துக்கு எழுதினோம். அதற்கு மேல் எழுத மருமகன் உடன்படவில்லை. தந்தையும் மகனும் இரண்டு நாள் பாவட்டை வெட்டி, விறாந்தையைக் கழுவி, கிணற்றை இறைத்தார்கள். பையன் திங்கட்கிழமை வகுப்புக்கு வந்து, தவறவிட்ட பாடங்களைக் கேட்டு எழுதிக்கொண்டான்.

இப்போது அவன் பதினோராந் தரம். பொதுத் தராதரப் பத்திரச் சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகின்றான். நேற்று நாட்காட்டியைப் பார்த்தேன். பரீட்சைக்கு மூன்று வாரம் முன்னரே தவணை முடிகின்றது. ஞாயிறு மாலை முதியவரைக் காணப் போகவேண்டும்.